எந்தப் பட்டத்தை எடுக்க?

மடத்துச் சாமியாருக்குப் பட்டம் ஒன்றா, இரண்டா! "ஊரே பற்றி எரிந்தாலும் அத்தனையும் கூவிவிட்டுத்தான் என்னிடம் பேசணும். ஒன்று விட்டாலும் சோறு கிடையாது" என்று கட்டியக்காரன் வைரவனுக்கு உத்தரவு. கூவிக் கூவி அவனுக்குத் தொண்டையும் போச்சு, பொறுமையும் போச்சு.

ஒருநாள் பூசையில் பக்தர்களெல்லாம் குப்புற விழுந்து கும்பிட்ட நேரம், தீபம் பட்டுச் சாமியாரின் சால்வை நுனி பற்றிக்கொண்டது. வைரவன் பதறி ஓடிவந்தான்.

"ஆசையை அறுத்தவரே! கோபத்தை வென்றவரே! ஞானக்கடலே! கருணை மலையே!"

பாதி கருகிய பிறகுதான் சாமியாருக்குச் சூடு உறைத்தது. சால்வையை வீசிவிட்டுக் குதித்தார்.

"அட மடையா! தீன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"இன்னும் பட்டம் பாக்கி இருக்கே சாமி!"

"நாசமாப் போச்சு உன் பட்டம்!" என்று கையை ஓங்கினார்.

எழுந்து நின்ற கூட்டத்துக்கே கேட்கும்படி வைரவன் பணிவாகக் கேட்டான்: "அப்போ நாளையிலிருந்து அந்த ரெண்டாவது பட்டத்தை மட்டும் எடுத்துடட்டுமா சாமி?"