ஒரு தண்ணி அலசிய நார்

"நீங்க சொல்லிக் குடுத்தது சுத்தப் பொய்யுங்க!"

நாச்சிமுத்து கையிலிருந்த கூரைத் தகட்டைத் தரையில் போட்டார். பிஸ்கட் மாதிரி பொடிந்தது.

வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் கான்கிரீட் போட்ட கான்ட்ராக்டர். தேங்காய் நாரையும் இடித்த கட்டடத் தூளையும் சிமெண்டில் கலந்து தகடு வார்க்கும் வேலையை, தன் மகள் வயதுள்ள மரகதமணியிடம் சிஷ்யனாக நின்று கற்றவர். வாய் நிறைய "வாத்தியாரம்மா" என்பார். இன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று.

"அங்கன்வாடிக்குக் கூரை பூரா மாட்டியாச்சு. திங்கக்கிழமை திறப்பு விழா. மிச்சத் தகட்டைத் தொட்டா உதிருது! ஊருக்குள்ள நான் தலைகாட்ட வேண்டாமா?"

"நார் மிச்சம் இருக்குங்களா?"

வாசலில் நின்ற அவர் வண்டியில் இருந்தது. மரகதமணி ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்தது.

"எத்தனை தண்ணி அலசுனீங்க?"

"ஒண்ணு."

"நான் எத்தனை சொன்னேன்?"

"தண்ணி தெளியிற வரைக்கும்னு சொன்னீங்க."

"இந்தச் சாயம் இருந்தா சிமெண்ட் இறுகாதுன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க, சொன்னீங்க! தேதி குறிச்சுட்டாங்க. நாரை ஊறப் போட்டுட்டு நான் வேடிக்கை பாக்கறதா?"

அவள் கோபத்தோடு வாளியைக் கவிழ்த்தாள். அதோடு பேச்சு முடிந்தது என்று மனுஷர் எடுத்துக்கொண்டார்.

"சரி விடுங்க. மாட்டுனது மாட்டியாச்சு. அடியில ஒரு பூச்சு, மேல ஒரு பெயிண்ட். எந்தப் பூச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"கூரை நிக்குமா?"

"அதெல்லாம் நிக்கும்."

"வாங்க, போலாம்."

அங்கன்வாடியில் யாரும் இல்லை. திங்கட்கிழமைக்காக இப்போதே பாய் விரித்து வைத்திருந்தார்கள். குட்டிக் குட்டிப் பாய்கள், இருபத்திரண்டு.

மரகதமணி நடுவில் போய் மல்லாந்து படுத்தாள்.

"மேல ஏறுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"நிக்கும்னீங்களே. ஏறி நில்லுங்க."

"நான் எண்பது கிலோ!"

"ஆடிக்காத்து எத்தனை கிலோங்க?"

அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏணியை வெளிச்சுவரில் சாத்தினார். வீம்புக்கு ஏறினார். ஓரத் தகட்டில் ஒரு காலை ஊன்றினார்.

சடக்.

விரிசல் நடுக்கூரை வரைக்கும் ஓடியது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஏணியில் இரண்டு படி இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால், தூள் அவள் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாளே தவிர அசையவில்லை.

"எந்திரிங்க!"

"இன்னொரு காலையும் வைங்க."

"அட, எந்திரிங்கன்னா!"

"பெயிண்ட் அடிச்சா நின்னுக்கும்ங்க."

"ஏ புள்ள, எந்திரி! கூறு கெட்டுப் போச்சா உனக்கு? விழுந்துரும்! அத்தனையும் விழுந்துரும்!"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

மரகதமணி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதே சத்தத்துல போய் இங்க படுக்கப் போற புள்ளைங்களோட பெத்தவங்ககிட்டச் சொல்லுங்க."