எருமை தொடுத்த வழக்கும் நாக்கு நீட்டிய பொம்மையும்

முன்னொரு காலத்தில், வழக்கு விசாரணை என்றாலே கொட்டாவி விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். பெயர் மகுடவர்மன். போர் என்றால் புலியாகப் பாய்வார். விருந்து என்றால் இரண்டு இலை போட்டுச் சாப்பிடுவார். ஆனால் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சிம்மாசனத்திலேயே கண் சொருகிவிடும். அவர் குறட்டை விடும்போது சபையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். நடுவில் திடுக்கென்று விழித்துக்கொண்டு, எதிரே யார் பளிச்சென்று தெரிகிறாரோ அவர் பக்கம் கையைக் காட்டி, "இவர் சொல்வதே நியாயம்" என்று தீர்ப்பளித்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடுவார். பளிச்சென்று தெரிவதற்கு நல்ல பட்டு வேண்டும். அது யாரிடம் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்படியாகக் காலம் போய்க்கொண்டிருந்தபோது, பொறிகள் செய்கிற நீலமணி என்ற கம்மியர் கப்பலேறிப் பல தேசம் சுற்றிவிட்டு ஒரு மரப்பொம்மையோடு ஊர் திரும்பினார். ஆள் உயரப் பொம்மை. கண்ணாடிக் கண், பித்தளைக் காது, வயிறு நிறையப் பல்சக்கரங்கள், முதுகில் ஒரு சாவி. இதைக் கொஞ்ச காலம் சபையில் நிறுத்திவைத்தால் மன்னர் தீர்ப்புச் சொல்கிற விதத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும், அதன்பிறகு மன்னர் வேலையை அதுவே செய்யும் என்றார் கம்மியர். நியாயம் யார் பக்கமோ அவரைப் பார்த்துக் கும்பிடும். குற்றவாளியைப் பார்த்து நாக்கை நீட்டும். நாக்கு சிவப்புத் துணியில் தைத்தது, ஒரு முழ நீளம். இது லஞ்சம் வாங்காது, உறவு பார்க்காது, கோபப்படாது, சோறு கேட்காது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மன்னர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, நான் தூங்கும்போதும் இது வேலை செய்யுமா என்று. செய்யும் என்றதும் எழுந்து வந்து பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தச் சபையில் திருமேனி என்றொரு விகடர் இருந்தார். மன்னரைச் சிரிக்க வைப்பது அவருக்கு உத்தியோகம். யாரும் கேட்காததைக் கேட்டு வைப்பது அவருக்குக் கெட்ட பழக்கம். அவர் கம்மியரைத் தனியாகக் கூப்பிட்டு, பொம்மை உள்ளபடி என்னதான் கற்றுக்கொள்கிறது என்று விசாரித்தார். கம்மியர் நேர்மையான மனிதர், தலையைச் சொறிந்தார்.

"அது எனக்கும் தெரியாது ஐயா. சக்கரத்தைச் சக்கரம் கடித்துக்கொண்டு அதுவாகவே கற்கிறது. வயிற்றைத் திறந்து பார்த்தால் சக்கரம்தான் தெரியும்."

திருமேனிக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லோரையும்விட அதிகம் குதித்தவர் தலைமை மந்திரியான பிரதானி அருமைநாயகம். மன்னர் விகடரின் பேச்சுக்குச் சிரிக்கிறார், தன் பேச்சுக்குத் தூங்குகிறார் என்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல். அவர் முன்வந்து ஒரு யோசனை சொன்னார். பொம்மை யாரைப் பார்த்து நாக்கை நீட்டுகிறதோ, அவர் தலையில் ஒரு பானை சாணிக் கரைசலை ஊற்ற வேண்டும், அவர் யாராக இருந்தாலும் சரி. மன்னருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நானே ஆனாலும் சரி" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். சபை கைதட்டியது.

மழைக்காலம் முழுவதும் பொம்மை சபையின் மூலையில் நின்று பார்த்தது. தை பிறந்ததும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. நாடே அசந்துபோயிற்று. விடிந்தால் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் அத்தனை வழக்கும் முடிந்துவிடும். அண்டை நாட்டு ராஜாக்கள் தங்களுக்கும் ஒன்று செய்து தரச் சொல்லித் தூது அனுப்பினார்கள். அரண்மனைச் சமையல்காரர் ஒரு நாள் பாயசத்தோடு எதிரே போய் நிற்க, பொம்மை நாக்கை நீட்டியது. ருசி பார்க்கக் கேட்கிறதாக்கும் என்று அவர் நாக்கில் பாயசத்தை ஊற்றிவிட்டார். அப்புறம் சக்கரத்துக்குள் போன எறும்புகளை விரட்டக் கம்மியர் பட்டபாடு தனிக்கதை.

அப்போதுதான் சங்கிலி என்ற ஏழைக் குடியானவரின் வழக்கு வந்தது. சங்கிலிக்கு இருந்ததெல்லாம் அல்லி என்ற ஓர் எருமை. அது கன்று போட்டுப் பால் கறந்தால்தான் அவர் வீட்டு அடுப்பு எரியும். அது நிறைசினையாக இருந்த சமயத்தில், பிரதானியின் மைத்துனர் சொர்ணப்பன் அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் தொழுவத்தில் கட்டிவிட்டார். கேட்டால், என் வயலில் வாய் வைத்தது, இனி என்னுடையது என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்கள் முன்னால் வரும்போது சாதாரண ஜனங்கள் தோளில் துண்டு போட்டிருக்கக் கூடாது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சங்கிலியும் அப்படியே வாசலில் துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு கூனிக்குறுகி வந்து நின்றார். சொர்ணப்பன் தோளில் ஜரிகைப் பட்டு அங்கவஸ்திரம் தகதகக்க வந்து நின்றார். சாவியை முறுக்கினார்கள். பொம்மை கிறீச்சென்று திரும்பி சொர்ணப்பனைக் கும்பிட்டது. சங்கிலியைப் பார்த்து நாக்கை நீட்டியது. உடனே பானையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

சங்கிலி முகத்தை வழித்துக்கொண்டு சிம்மாசனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மகாராசா, சாணி எனக்குப் புதுசில்லீங்க, தெனமும் அள்ளுறதுதான். ஆனா அல்லி நெறமாசமா நிக்குது. தலப்பிரசவமுங்க. நான் பக்கத்துல இல்லேன்னா அது பயந்துக்கும். தாயும் போயிரும், கன்னும் போயிரும்."

சிம்மாசனத்திலிருந்து குறட்டைதான் பதிலாக வந்தது.

திருமேனி வந்த கோபத்தில், பக்கத்திலிருந்த வெண்கலத் தட்டைத் தூக்கித் தரையில் போட்டார். மன்னர் அலறிக்கொண்டு எழுந்தார். பொம்மையின் தீர்ப்பு தவறு என்றார் விகடர். பிரதானி காத்திருந்தது இதற்குத்தான். "மன்னரைப் பார்த்துக் கற்ற பொம்மை தவறு என்றால், மன்னரே தவறு என்றல்லவா விகடர் சொல்கிறார்?" என்று தேன் ஒழுகக் கேட்டார். மன்னரின் முகம் சுருங்கிப்போயிற்று. பௌர்ணமிக்குள் அதை நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையில் பானை, பிறகு கழுதைமேல் பின்பக்கமாக உட்கார்ந்து நாட்டை விட்டே போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதுவரை எருமை சொர்ணப்பன் தொழுவத்திலேயே இருக்கும்.

மறுநாள் சபை கலைந்த பிறகு திருமேனி பொம்மைக்கு எதிரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் புரியவில்லை. பொழுது போகாமல் சாவியை முறுக்கினார். பொம்மை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கிறீச்சென்று வேறு பக்கம் திரும்பி ஒரு குத்துவிளக்கைப் பயபக்தியோடு கும்பிட்டது. யாரோ ஒரு பிரமுகர் மறந்துபோன பட்டு அங்கவஸ்திரம் அந்த விளக்கின் மேல் கிடந்தது.

விகடர் எழுந்து தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். நாக்கு. தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கும்பிடு. மறுபடி இடுப்பு, மறுபடி நாக்கு. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கு அழுகையும் வந்தது. பாவம், பொம்மை வேறு எதையும் கவனிக்கவில்லை. அந்தச் சபையில் கவனிப்பதற்கு வேறு எதுவும் நடக்கவும் இல்லை.

மறுநாள் அவர் மன்னரிடம் போய், இவ்வளவு பெரிய நீதிமானுக்கு இன்னும் ஒரு பூஜைகூடப் போடவில்லையே என்று வருத்தப்பட்டார். பௌர்ணமியன்று கோயிலில் வைத்துத் தீபாராதனை காட்டலாம், வழக்கில் சொர்ணப்பன் வென்ற எருமையையும் அலங்கரித்துக் கூட்டி வரலாம், தானும் போகிற போக்கில் மன்னிப்புக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். சர்க்கரைப் பொங்கல் உண்டா என்று கேட்டார் மன்னர். உண்டு என்றதும் சம்மதித்தார்.

பௌர்ணமியும் வந்தது. கோயில் முன்மண்டபத்தில் மாலையும் கழுத்துமாகப் பொம்மை நின்றது. தெய்வ சன்னிதியில் ராஜா என்ன, பிரஜை என்ன, எல்லோரும் மேல்துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? மன்னரும் கட்டிக்கொண்டார். பிரதானி, தளபதி, சொர்ணப்பன், அத்தனை பேரும் கட்டிக்கொண்டார்கள். மண்டபத்தின் படியருகே அல்லி நின்றது. அதன் கழுத்தைச் சுற்றி ஜரிகைப் பட்டு அங்கவஸ்திரம் ஒன்றை விகடர் மடிப்புக் கலையாமல் போர்த்தியிருந்தார். அது அசை போட்டபடி எல்லோரையும் அலட்சியமாகப் பார்த்தது.

தீபாராதனை முடிந்ததும் திருமேனி முன்வந்து வணங்கினார்.

"மன்னா, ஒரு வழக்கு இருக்கிறது. தொடுப்பவர் இந்த அல்லி. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிறர் வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று முறையிடுகிறாள். எதிர்வாதி தாங்கள்."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மன்னருக்கோ வேடிக்கை பார்க்க ஆசை, ஆகட்டும் என்றார். பிரதானிக்கு உள்ளூர ஒரே குஷி. எருமையா மன்னரா என்று கேட்டால் பொம்மை யாரைக் கும்பிடும், இவன் தன் தலையில் தானே பானையைக் கவிழ்த்துக்கொள்கிறான் என்று நினைத்து, தாமே ஓடிப்போய்ச் சாவியை முறுக்கினார்.

பொம்மை கிறீச்சென்று திரும்பியது. எருமையைப் பார்த்தது. இரண்டு கைகளையும் குவித்து, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டது. பிறகு மன்னர் பக்கம் திரும்பி, பாயசக் கறை படிந்த நாக்கை முழுசாக நீட்டியது.

நாகஸ்வரக்காரர் வாசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டார். திருமேனி மட்டும் சாவதானமாகப் பானையைக் கொண்டுவரச் சொன்னார். "நானே ஆனாலும் சரி" என்று மன்னர் திருவாயால் சொன்ன உத்தரவு, மாற்ற நமக்கு என்ன அதிகாரம் என்றார். சேவகர்கள் பானையோடு வந்தார்கள். பிரதானி குறுக்கே வந்தார். சக்கரம் எங்கோ மாட்டியிருக்கிறது, நான் நின்று காட்டுகிறேன் என்று பொம்மைக்கு முன்னால் போய் நின்றார். அவருக்கும் அதே நாக்கு. தளபதி மெதுவாகத் தூணுக்குப் பின்னால் போனார்.

மன்னர் பானையைப் பார்த்தார். அதன் வாடை அவருக்கு எட்டியது. சாணிக் கரைசல் என்றால் என்னவென்று அன்றுதான் அவருக்கு உறைத்தது.

"திருமேனி, நான் செய்த குற்றம் என்ன?" என்று கேட்டார்.

"துண்டை இடுப்பில் கட்டினீர்கள், மன்னா."

மன்னருக்கு விளங்கவில்லை. விகடர் அவரை மண்டபத்துக்கு வெளியே அழைத்து வந்து, மேல்துணியைத் தோளில் போட்டுக்கொள்ளச் செய்து, பொம்மையைத் திருப்பிவைத்துச் சாவியை முறுக்கினார். கும்பிட்டது. கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த சங்கிலியை இழுத்து வந்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கூச, துண்டை அவிழ்த்து அவர் தோளில் போட்டார். அவரையும் கும்பிட்டது.

"இந்த அநியாயத்தை இதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்?" என்றார் மன்னர். கம்மியர் நீலமணி இரண்டு அடி பின்வாங்கினார்.

"யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மன்னா. மழைக்காலம் முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான்" என்றார் திருமேனி.

மன்னர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பானையைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார், பட்டுக்கு வாயைக் கொண்டுபோய் அதைச் சுவைக்கத் தொடங்கியிருந்த அல்லியின் முகம் அவரை என்னவோ செய்தது. வயிறு குலுங்க ஆரம்பித்தது. மண்டபப் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மன்னர் சிரித்த பிறகு சபையும் தைரியமாகச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் முதல்முறையாக விழித்திருந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். அல்லி அந்த நிமிஷமே சங்கிலியோடு போனது, அன்று சாயங்காலமே நல்லபடியாகக் கன்று போட்டது. சாணிக் கரைசலை வீணாக்குவானேன் என்று, அதைச் சுமந்துகொண்டு போய்ச் சங்கிலி வீட்டு வாசல் தெளிக்கும் பொறுப்பு பிரதானிக்கும் மைத்துனருக்கும் கிடைத்தது. குனிந்து தெளிக்க வசதியாக இருவரும் துண்டை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்கள். சபைக்கு வருகிறவர்கள் யாரும் இனித் தோள்துண்டை எடுக்க வேண்டியதில்லை என்று பறையறைந்தார்கள். பொம்மைக்கு மறுபடியும் கற்பிக்கட்டுமா என்று கேட்ட கம்மியரிடம், "முதலில் நான் கற்றுக்கொள்கிறேன். அதன்பிறகு அது என்னைப் பார்க்கட்டும்" என்றார் மன்னர்.

விகடருக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். பொன் வேண்டாம், ஊர் வேண்டாம், வழக்கு நடக்கும்போது மன்னரைத் தட்டி எழுப்புகிற உத்தியோகம் ஒன்று போதும் என்றார் திருமேனி. மன்னர் மறுபடியும் சிரித்து, அதைக் கொடுத்து, தோளில் கிடந்த பட்டையும் எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

மறுநாள் சபை கூடியது. முதலில் வந்ததே வரப்புத் தகராறு, அதுவும் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிக்கிற வரப்புத் தகராறு. மன்னரின் கண்கள் மெல்லச் சொருகின. திருமேனி ஒரு மயிலிறகை எடுத்து அவர் காதுக்குள் விட்டார். மன்னர் துள்ளி எழுந்து, ஒரு தும்மல் தும்மி, மீசையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, முதலிலிருந்து சொல்லுங்கள். வரப்பு எங்கே இருந்தது?" என்று கேட்டார்.