காதுகுத்துக்குப் போன கார்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தெட்டு. குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. தேனி சாலையில் தகரக் கூரை போட்ட ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை ஒன்றுதான் உண்டு. குருவின் பெயர் ராயப்பன்.

சீடர் மாயழகு இருபது வருடம் லாரி ஓட்டியவர். முதுகு கெட்டுப்போனதும் லாரியை விட்டுவிட்டு வயர் வேலை கற்றுக்கொள்ள இந்தக் கடைக்கு வந்தார். தன்னைவிடச் சின்னவனை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் திணறினார். பிறகு 'வாத்தியாரே' என்று வைத்துக்கொண்டார். ராயப்பன் அவரை 'அண்ணே' என்றான்.

ஒருநாள் காலையில் மாயழகு தன் சின்னக் காரைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய கார். பின் சீட்டைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டிகள், கோபித்துக்கொண்டு வந்த சம்பந்திகள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தன.

"என்னண்ணே இது?"

"தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து வாத்தியாரே. வர்ற ஞாயித்துக்கெழம. நான்தான் தாய்மாமன். சீர் கொண்டு போகணும்."

"சீர் தட்டுலதான கொண்டு போவாங்க?"

"தட்டு இருக்கு. சத்தமும் வேணும்ல."

ராயப்பனுக்கு அந்தத் தங்கச்சி கதை தெரியும். கடைத்தெருவுக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன் மாயழகின் அப்பா செத்துப்போனபோது, தங்கை பேச்சியம்மாள் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். 'அண்ணே, அப்பாவ எடுத்துராதண்ணே, திண்டுக்கல் தாண்டிட்டேன்' என்று போனில் சொன்னாள். மழை கட்டி நின்றது. ஊர்க்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். மாயழகு எடுக்கச் சொல்லிவிட்டார். அவள் வந்து இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா என்று அவள் கேட்டாள். ஊரே உனக்காகக் காத்துக் கிடக்கணுமா என்று இவர் கத்தினார். அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது. அதன்பிறகு அவளுக்கு ஒரு பையன் பிறந்து, அவனுக்கு நாலு வயதும் ஆகிவிட்டது. மாயழகு அவனைப் பார்த்ததில்லை.

இப்போது பத்திரிகை வந்திருந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் இவர் பெயர்தான் இருந்தது. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பையனுக்குக் காது குத்த வேண்டும். பத்திரிகையைப் பார்த்ததும் மாயழகு அழுதார். அழுது முடித்துவிட்டு நேரே போய் ஊஃபர் வாங்கினார். மனுஷப் புத்தி அப்படித்தான் போகும்.

"தங்கச்சிக்குப் போன் போட்டீங்களாண்ணே?"

"நேர்லதான போறோம். அங்க பேசிக்கலாம்."

"என்ன பேசுவீங்க?"

"அத விடுங்க. சடையாண்டி வர்றான், எங்க பெரியப்பா மகன். அவனும் மாமன் மொறைதான். லாரி நெறைய பாக்ஸ் கட்டி எறக்குறானாம். கூடப் பெறந்தவன் நான் சத்தமில்லாமப் போய் நிக்கவா? நான் வர்றது ஊருக்கே கேக்கணும்."

"தங்கச்சிக்குக் கேட்டாப் போதாதா?"

மாயழகு வேறு கேள்வி கேட்டார்.

"வாத்தியாரே, பாட்டு வெச்சா ஹெட்லைட் மங்குதே, ஏன்?"

ராயப்பன் ஹெட்லைட்டைப் போட்டான். பாட்டைப் போட்டான். காரின் முன்னால் போய் நின்று, சீடரைப் பக்கத்தில் வரச் சொன்னான். பாட்டில் உருமி மேளம் அடிக்கும்போதெல்லாம் வெளிச்சம் சுருங்கியது. அடி நின்றதும் திரும்ப வந்தது. பாட்டை நிறுத்தினான்.

"வெளிச்சத்துக்குப் போறதத்தான் பாட்டு எடுத்துக்குது."

"அப்ப டைனமோவப் பெருசாப் போட்டுருவோம்."

"போட்டா இன்ஜின்ல இருந்து எடுத்துக்கும். வண்டி இழுக்காது."

"இன்ஜினும் பெருசா இருந்தா?"

"எங்க இருந்தாச்சும் எடுக்கத்தாண்ணே செய்யும்."

மாயழகு சிரித்தார். எலக்ட்ரீசியன் எல்லாரும் இப்படிச் சாமியார் பேச்சுப் பேசுவதுண்டு என்று அவர் நினைப்பு. வேனில் கழற்றிய பெரிய டைனமோ ஒன்றை ஏற்கெனவே சாக்குப்பையில் கொண்டுவந்திருந்தார்.

ராயப்பன் வேலையை மறுக்கவில்லை. அரைகுறையாகவும் செய்யவில்லை. பிராக்கெட்டை வெட்டி வெல்டிங் வைத்தான். பெல்ட்டை மாற்றினான். பழைய மெல்லிசு வயரை உருவி எறிந்துவிட்டு, பேட்டரிவரை விரல் தண்டிக்குக் கேபிள் இழுத்தான். எர்த்துக்கும் அதே கேபிள். நடுவில் ஒரு பியூஸ் வைத்தான். கூடவே நின்று மாயழகும் கற்றுக்கொண்டார். இரண்டு நாள் ஆயிற்று.

"ஒன்னு சொல்லணும்ணே. இது ஓட்டத்துலதான் கரண்டு குடுக்கும். வண்டி நின்னாலோ ஊர்ந்தாலோ குடுக்காது. பேட்டரி எறங்கி பாட்டு கம்மிப்போயிரும்."

"ஊர்வலத்துல ஊர்ந்துதான போகணும்?"

"அதான் சொல்றேன். யாராச்சும் உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்கணும்."

"நானே மிதிச்சுக்கிறேன். வேற எவனையும் நம்பி வண்டியக் குடுக்க முடியாது."

மாயழகு உட்கார்ந்து மிதித்தார். பாட்டைப் போட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்துக் கடையில் வடை மாவு பிசைந்தவர் மாவுக் கையோடு ஓடிவந்து பார்த்தார். மாயழகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுப் பாட்டும் கேட்டார். ராயப்பன் கண்ணாடியோரம் வந்து குனிந்ததை அவர் பார்க்கவில்லை. தன் மரியாதை இவ்வளவு பெரிசு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காரில் தட்டு வைக்க இடம் இல்லாததால் மாயழகின் மனைவி இருளாயி சீர்த்தட்டுகளோடு டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். மெயின் ரோட்டிலிருந்து கோவில்வரை ஊர்வலம். முதல் தட்டைத் தாய்மாமன் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பதுதான் வழக்கம். மாயழகு கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். தட்டை இருளாயி தூக்கினாள்.

பின்னால் சடையாண்டியின் லாரி வந்தது. அவன் பாக்ஸும் முழங்கியது. ஆனால் சின்னக் கார் விடவில்லை. "மாப்ள, எலி உறுமுது பாரு" என்று இளவட்டங்கள் காரைச் சுற்றி ஆடின. மாயழகு பாதி கிளட்சில் மிதித்துக்கொண்டே வந்தார். வேர்த்துக் கொட்டியது. முதுகு வலியில் உயிர் போனது. பரவாயில்லை என்றிருந்தது.

கோவில் திருப்பத்தில் கூட்டம் நெருக்கி, ஊர்வலம் நின்றது. அப்போது பேச்சியம்மாள் வந்தாள். இடுப்பில் பையன். பட்டு வேட்டி, மொட்டைத் தலையில் சந்தனம். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதான். அவள் காரின் கண்ணாடியோரம் குனிந்தாள். ஏதோ சொன்னாள்.

மாயழகு கண்ணாடியை இறக்கினார். இன்னும் கேட்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார். அவள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவள் கண் கலங்கியிருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கை முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது.

மாயழகு இறங்கலாம் என்றுதான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எடுத்ததும் பாட்டு இழுத்துக்கொண்டு போய், தொண்டை கட்டிய மாதிரி கம்மியது. சடையாண்டியின் லாரி ஏறி முழங்கியது. கூட்டம் ஹோவென்று சிரித்தது. மாயழகின் கால் தானாகத் திரும்பப் போய் மிதித்தது. 'போ, வந்துர்றேன்' என்று தங்கைக்குக் கையைக் காட்டினார். பாட்டு நிமிர்ந்ததா என்று ஒரு கணம் பின்னால் பார்த்தார். திரும்பினால் அவள் இல்லை.

அவர் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காது குத்தியாகிவிட்டது. நேரம் தப்புது என்று ஆசாரி அவசரப்படுத்தினாராம். பையன் சடையாண்டி மடியில் உட்கார்ந்து, கன்னம் நிறைய சர்க்கரையோடு தேம்பிக்கொண்டிருந்தான். லாரியை டிரைவரிடம் விட்டுவிட்டுச் சடையாண்டி முன்னாலேயே நடந்து வந்திருக்கிறான்.

எல்லோரும் மாயழகின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "தாய்மாமன்னா இப்படி வரணும்" என்றார்கள். பேச்சியம்மாள் இலை போட்டாள். "சாப்ட்டுப் போங்க" என்றாள். முன்பு அவள் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கறி நன்றாக இருந்தது. அவர் பாதியிலேயே இலையை மூடினார்.

மறுநாள் போன் செய்தார். எடுத்தாள்.

"பேச்சி, நேத்துக் காருக்கிட்ட வந்து என்னமோ சொன்னியே, என்ன?"

அந்தப் பக்கம் பையன் சிணுங்குவது கேட்டது.

"அது நேத்துச் சொல்ல வேண்டியதுண்ணே. வைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை மாயழகு கடைக்கு வந்தார். ராயப்பன் ஒரு டிராக்டரின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். மாயழகு எதிரே தரையில் உட்கார்ந்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். ராயப்பன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"என்ன சொல்லியிருப்பா வாத்தியாரே?"

"எனக்கெப்படித் தெரியும்ணே."

"எறங்கி வான்னு கூப்டாளா? இல்ல, எங்கப்பன் பேச்ச எடுத்தாளா? வையவாச்சும் செஞ்சாளா? என்னன்னு தெரிஞ்சா நெஞ்சு ஆறிரும். ரெண்டு நாளா அவ வாயிதான் கண்ணுக்குள்ள நிக்குது."

ராயப்பன் துணியில் கையைத் துடைத்தான்.

அது மாயழகுக்குப் பொறுக்கவில்லை. யார் மேலாவது பழி போட்டால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது.

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. கேபிள் இழுத்தீங்க, பெல்ட் மாத்துனீங்க. 'அண்ணே, காரு வேணாம், தட்டத் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி முன்னாடி நடந்து போங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? உங்க பேச்சக் கேட்டிருப்பேன்ல?"

ராயப்பன் அவரைப் பார்த்தான்.

"சொன்னேன்ணே. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."