சுடாத சத்தியம்

கோயம்புத்தூரில் கோதண்டம் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி. கரண்டைக் குடிக்கிற பெரிய சிப்தான் அவருக்குக் குலதெய்வம். “இனிமேல் காலம், செல்போனில் இருக்கிற சின்னச் சிப்புக்குத்தான்” என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமயந்தி சொன்னது அவர் காதுக்கு எட்டியது. ஊழியர்கள் எல்லாரும் பார்க்க அவளை அழைத்தார்.

மேசைமேல் இரண்டு சிப்பும் மூடியில்லாமல், ஒரே வேலையைச் செய்தபடி ஓடிக்கொண்டிருந்தன.

“எதிர்காலம் நம்ம பெரிய சிப்புக்குத்தான்னு அதுமேல கைவச்சு சத்தியம் பண்ணு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!”

“பண்றேனுங்க சார். முதல்ல நீங்க வைங்க, உங்க கைமேல நான் வைக்கிறேன்.”

மிடுக்காகக் கையை வைத்தவர், “ஐயோ!” என்று உதறினார்.

தமயந்தி சின்னச் சிப்பின்மேல் விரலை வைத்து, எடுக்காமலே சொன்னாள்:

“உண்மை சுடும்பாங்க. இங்கே பொய்தானுங்க சார் சுடுது!”