திருப்பத்தில் காத்திருந்தவர்

“இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படிம்மா பொறுமையா இருக்கிறது?”

வைத்திலிங்கம் கேட்டார்.

பெமா அம்மா அடுப்பில் ஒரு வறட்டியைச் செருகினார்.

நேபாளத்தில் ஒரு கணவாய்க்குக் கீழே இருந்த சின்ன மடம் அது. நான்கு பெண் துறவிகள், அவர்களுக்குத் தலைவி பெமா. வயது நாற்பத்தைந்துகூட இருக்காது. துறவு பூணுவதற்கு முன்னால் பதினோரு குளிர்காலம் சேலத்து நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். அதனால் தமிழில் பேரமும் பேசுவார், ஞானமும் பேசுவார். ஞானம்தான் கேட்டவுடனே கிடைக்காது.

வைத்திலிங்கத்துக்கு அறுபத்தொன்று. அவருக்கும் மனைவி செண்பகத்துக்கும் ஊர் மாயவரம். அந்த ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அங்கே பிறந்து வளர்ந்துவிட்டு, அவர் ஓய்வு பெற்ற மறுமாதமே இரண்டு பேரும் மலை ஏறக் கிளம்பிவிட்டார்கள். ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பெரு என்று இரண்டு வருஷமாக நடை. இப்போது நேபாளம்; நேற்றிலிருந்து இந்த மடத்தில் தங்கல். சொந்தக்காரர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள். கொஞ்சம் கிறுக்குத்தான்.

நாளைக் காலையில் கணவாயைக் கடக்க வேண்டும். இன்று காலை கஞ்சி குடிக்கும்போது செண்பகம் சொல்லிவிட்டாள்.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேருந்தே இறங்கி ஊருக்குப் போறேன். இனிமே எந்த மலைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். பால் வாங்கி வரச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள். அவள் வராவிட்டால் எந்த மலையை யாரிடம் காட்டுவது?

“ஏன்னு கேட்டீங்களா அண்ணா?” என்றார் பெமா.

“கேட்டேன். களைச்சுப் போச்சுங்கிறா. நான் வேகமா நடப்பேன், அவ மெதுவா வருவா. ஒரு நாள்கூட ‘சீக்கிரம் வா’ன்னு சொன்னதில்லைம்மா. ஒவ்வொரு திருப்பத்துலயும் அவளுக்காக உட்கார்ந்து காத்திருக்கேன். ரெண்டு வருஷமா காத்திருக்கேன்!”

“வந்து சேர்ந்ததும் என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டா. பையைக்கூட இறக்க மாட்டா. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிப்பா. அப்புறம் கிளம்பிடுவோம்.”

பெமா அடுப்பிலிருந்து எழுந்தார்.

“தண்ணி தீர்ந்து போச்சு. வர்றீங்களா?”

ஊற்று பள்ளத்தில் இருந்தது. ஆளுக்கு ஒரு கேன். இறங்கும்போது பெமா சேலத்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கேனை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்ததும் ஆளைக் காணோம்.

கால் மணி நேரம் கழித்து வைத்திலிங்கம் முதல் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தார்.

பெமா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கேன் பக்கத்தில் இருந்தது. கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா” என்று எழுந்தார். கேனை ஏற்றிக்கொண்டு நடந்தார்.

வைத்திலிங்கம் பின்னாலேயே நடந்தார்.

இரண்டாவது திருப்பத்திலும் அதே மாதிரி ஒரு கல். அதே மாதிரி வெயில்.

“வந்துட்டீங்களா.”

வைத்திலிங்கத்துக்கு மூச்சு இரைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாவம், நமக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களிடம் போய் என்ன சொல்வது என்று விழுங்கிவிட்டார்.

மூன்றாவது திருப்பத்துக்கு வரும்போது தொடை நடுங்கியது. எதிரே பனிமலை முழுசாகத் தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. பெமா எழுந்திருப்பதை மட்டும் பார்த்தார்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்க!”

அவருக்கே தன் குரல் கத்தலாகக் கேட்டது.

“என்ன அண்ணா?”

“நான் இப்பத்தானே வந்தேன்!”

“நான் எவ்ளோ நேரமா காத்திருக்கேன், தெரியுமா?”

பெமா அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

வைத்திலிங்கம் அப்போதுதான் கவனித்தார். கேன் இன்னும் அவர் முதுகிலேயே இருந்தது. மூன்று திருப்பத்திலும் அவர் அதை இறக்கவே இல்லை.

பெமா தன் கேனோடு மடத்துக்குப் போய்விட்டார். வைத்திலிங்கம் மட்டும் அங்கேயே நெடுநேரம் நின்றார்.

அறையில் செண்பகம் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றார்.

“நாளைக்கு முதல் திருப்பம் வரைக்கும் மட்டும் வா. அப்புறமும் இறங்கணும்னா நானும் உன்கூட இறங்கிடறேன்.”

“ஒரு திருப்பத்துக்கு எதுக்குங்க?”

“வாயேன்.”

அந்தக் குரலில் அவர் கெஞ்சி அவள் கேட்டு ரொம்ப நாளாயிற்று. சரி என்றாள்.

மறுநாள் காலையில் அவர் மெதுவாகத்தான் நடந்தார். ஆனாலும் பழகிய கால் முன்னால் போய்விட்டது. திருப்பத்தில் ஒரு கல் கிடந்தது. உட்கார்ந்தார்.

செண்பகம் வந்து சேர்ந்தாள். கைத்தடியை ஊன்றி, பையோடு நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே பாதையைப் பார்த்தாள்.

அவருடைய முழங்கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போயிற்று.

“கிளம்பலையா?” என்று கேட்டாள்.

“நீ இப்பத்தானே வந்தே.”

செண்பகம் திரும்பி அவரைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த பட்டையை அவிழ்த்தாள். பை தரையில் இறங்கியது.

“கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்றாள்.