கடல் சிங்கம் சாப்பிட்ட விருந்து

விலங்குகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், வடகடல் ஓரத்துத் தேவதாருக் காட்டில் அவை பலகை வீடு கட்டி வாழ்ந்தன. வீட்டுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஓர் ஆறு. தாய்மாமன் கண்ணை மூடினால் அவர் சூடிய பெயரும் ஆறும் சகோதரியின் பிள்ளைக்குப் போகும். அதுதான் சட்டம்.

நீர்நாய் வீட்டின் பெயர் எழும் அலை. அதைச் சூடியிருந்த மாமன் இறந்துபோனார். அடுத்துச் சூடவேண்டியவள் அவர் சகோதரியின் மகள் கருமீசை. ஆனால் மாமன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். அவர் பெயர் சூடிய வருஷம் மீன் வரத்துக் குறைவு. ஊரைக் கூப்பிட்டு என்னத்தைப் போடுவது என்று கதவைச் சாத்திக்கொண்டு, தன் வீட்டாரோடு மட்டும் சாப்பிட்டு எழுந்துவிட்டார். சிக்கனமாம். ரொம்ப நல்ல சிக்கனம்!

கடல் சிங்கம் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"உன் மாமன் பெயர் சூடியதை யார் பார்த்தார்கள்?"

"எங்கள் வீட்டார் எல்லாரும் பார்த்தார்கள்" என்றாள் கருமீசை.

"உன் வீட்டார் உனக்குத்தானே பேசுவார்கள்? வசந்தத்தில் சால்மன் மீன் ஏறும்போது நானும் உன் ஆற்றுக்குள் ஏறுவேன்."

ஆறு போனால் பிள்ளைகளுக்குச் சோறு போச்சு. கேள்வியிலும் நியாயம் இருந்தது, அதுதான் கருமீசையைச் சுட்டது. அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எழுந்தாள். குளிர்காலத்துக்கு வைத்திருந்த உலர்மீன் பெட்டிகளை எல்லாம் முற்றத்தில் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, பனி விழப்போகிறது. இதையும் கொடுத்துவிட்டு எதைத் தின்போம்?" என்றான் தம்பி.

"சிப்பி பொறுக்கித் தின்போம். ஓநாய் வீடு, கழுகு வீடு, காக்கை வீடு, எல்லாருக்கும் சொல்லிவிட்டு வா. கடல் சிங்கத்துக்கும் சொல்லு."

"அவனுக்குமா?"

"அவனை விட்டுவிடாதே."

எல்லாரும் வந்தார்கள். கடல் சிங்கத்தை நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்து, கருமீசை நடுவில் நின்றாள்.

"மாமன் ஒளித்துச் சூடிய பெயரை உங்கள் முன்னால் சூடுகிறேன். நான் எழும் அலை. கரும்பாறையிலிருந்து அருவி வரைக்கும் எங்கள் ஆறு. இல்லை என்பவர் இப்போதே சொல்லட்டும். சாப்பிட்டவர் எனக்குச் சாட்சி, சாப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்லக்கூடாது."

கடல் சிங்கம் வாயைத் திறந்தது. அதற்குள் மீனெண்ணெயில் ஊறிய சால்மன் முன்னால் வந்து விழுந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டது, பாவம். கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றது. போகும்போது கருமீசை கொடுத்த பாயையும் சுருட்டிக்கொண்டு போனது.

அந்தக் குளிர்காலம் நீர்நாய் வீட்டாருக்குச் சிப்பிதான். விலா எலும்பு தெரிய இளைத்தும் கருமீசை வருந்தவில்லை.

வசந்தத்தில் கடல் சிங்கம் ஆற்றுவாய்க்கு வந்தது. கருமீசை ஆள் அனுப்ப, விருந்துண்ட வீடுகள் கரையில் வந்து நின்றன.

"அவள் சொன்னாள், நான் சாப்பிட்டேன்" என்றது ஓநாய். கழுகும் அதையே சொன்னது.

"நீயும்தான் சாப்பிட்டாய்" என்றது காக்கை. "பாய் இன்னும் உன் வீட்டில்தானே கிடக்கிறது?"

கடல் சிங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தது. வெறும் கத்தல்தான் வந்தது.

இன்றைக்கும் கடல் சிங்கம் ஆற்றுவாய்ப் பாறையில் கிடந்து கத்துவது அன்று தொடங்கியதுதான். அந்தக் கரையில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பெயர் சூடாததும், பிற வீட்டு விருந்தில் கை நனைத்தவர் கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்வதும் அன்று முதல்தான்.