அண்டாவின் இரண்டு காதுகள்

“இருளாயியை இன்னிக்கே அனுப்பிடணும், அம்மா.”

இதைச் சொன்ன தில்லைநாதன், மடத்து அடுக்களையின் மேற்பார்வையாளர். ஆலையில் ஆட்களைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றபின் சீடராக வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

“என்ன செஞ்சா?” என்றார் குரு.

“காலையில சீனியம்மாவோட ஆளுக்கொரு காதாப் பிடிச்சுக் கஞ்சி வடிக்கறப்போ, இவ அண்டாவை வேணும்னே சாய்ச்சிட்டா. சீனியம்மா கால் வெந்துபோச்சு.”

“வேணும்னேன்னு யாரு சொன்னா?”

“சீனியம்மாதான். இருளாயி கை தூக்கினதைக் கண்ணால பார்த்தாளாம். தீபாவளியிலிருந்தே ரெண்டு பேருக்கும் பேச்சில்லை.”

“இருளாயி என்ன சொல்றா?”

“சீனியம்மா கைதான் இறங்கிச்சாம். அவளும் கண்ணால பார்த்தாளாம். கால் வெந்தவ பொய் சொல்லுவாளா, அம்மா?”

வெளியே சமையல் ஆட்கள் ஆளுக்கொருத்தி பக்கம் சேர்ந்து இரண்டு கூட்டமாக நின்றார்கள்.

“கொதிகஞ்சிக்குத்தான் கண்ணில்லை. இருளாயிக்குமா?”

“கால் வெந்தா நியாயம் வந்துடுமா? இந்தா, நானும் வேக வச்சுக்கறேன்!”

இருளாயி சுவரோரம் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மடத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

குரு எழுந்து அடுக்களைக்குப் போனார்; தில்லைநாதனும் பின்னால் போனார். பந்திக்கு நேரமாகிவிட்டது. அண்டாவில் சோறு கொதித்தது. வடிக்க ஆளில்லை.

குரு வடிதட்டை வைத்து மூடினார். சாக்குத் துணியால் ஒரு காதைப் பிடித்தார்.

“அந்தக் காதைப் பிடிங்க.”

“நானா?”

“சோறு குழையுது.”

தில்லைநாதன் பிடித்தார். இருவருமாகத் தூக்கினார்கள். அண்டா சாய்ந்தது. ஆவி முகத்தில் அடித்தது. பாதத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கஞ்சி கொட்டியது.

“சொல்லுங்க. தப்பு யார் பேர்ல?”

“இப்பக் கேக்காதீங்க, அம்மா!”

“இருளாயியா?”

அண்டா ஆடியது. கஞ்சி தெறித்தது.

“அம்மா! கை! உங்க கை தூக்குது!”

கஞ்சி வடிந்து முடிந்தது. அண்டாவை இறக்கி வைத்தார்கள். தில்லைநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“என் கை என்ன செஞ்சுது?” என்று கேட்டார் குரு.

“தூக்கிச்சு. கண்ணால பார்த்தேன்.”

“உங்க கை?”

தில்லைநாதன் தன் உள்ளங்கைகளைப் புரட்டிப் பார்த்தார்.

பிறகு வெளியே போனார். கூச்சல் அடங்கியது. கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த சீனியம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இருளாயியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“அடுத்தவ கை என்ன செஞ்சுதுன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. உங்க கை என்ன செஞ்சுது?”

இருளாயி மூட்டையை இறுக்கிக்கொண்டாள்.

“என் துணி ஈரமா இருந்துச்சு,” என்றாள். “சூடு தாங்கலை. வெடுக்குன்னு மேல இழுத்திருப்பேன்.”

சீனியம்மா தலை நிமிர்ந்தாள்.

“அதை அப்பவே சொல்றதுக்கென்னடி?”

“என் கையைப் பத்தி யாரு கேட்டா?”